படப்பையில் பட்டினி கிடந்த பெரியவர்

படப்பையில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் "தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்கக் கூடாது. வந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டேன். குளியலறைக் குழாயைச் சரிபார்க்க வந்த மனிதர் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலை நேரம். நம் ஊர் வழக்கப்படி நான் கேட்டேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தார். "காலங்காத்தாலயேவா சார்?" என்றார். கொஞ்சம் யோசித்து, குரலை இறக்கி, "சரி, லைட்டா" என்றார். நான் கெட்டிப் பால் விட்டு, நுரை பொங்க ஆற்றி, பெரிய கண்ணாடிக் குவளை நிறைய தே தாரிக் கொண்டுவந்து வைத்தேன். அந்தத் தேநீரை அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மலேசியாவில், நம் தைப்பிங்கில் இதைப் படிக்கும் உங்களுக்கு, வந்தவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இங்கே தண்ணி என்ற சொல் எப்போதோ மதுக்கடைப் பக்கம் குடிபோய்விட்டது. தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று மெத்தனமாக வந்தவன் நான். வேறு மொழி பேசும் ஊராக இருந்திருந்தால் ஒரு அகராதியாவது வாங்கி வந்திருப்பேன்.

நான் வந்தது என் மனைவி லோகாவுக்குத் துணையாக. கார் உதிரிபாகம் செய்யும் அவளுடைய கம்பெனி, ஒரகடத்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ள அவளை அனுப்பியது. எனக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. தைப்பிங்கில் நான் கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் ஆசிரியர். பயந்து நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகாது, மெதுவா விடுங்க" என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை ஒரே ஒருமுறை ஓரத்தில் நின்று பார்த்தேன். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய ட்ரெய்லர் லாரி ஒரு பக்கம், எதிர்த்திசையில் சாவகாசமாக வரும் ஷேர் ஆட்டோ இன்னொரு பக்கம், நடுத் தடுப்பில் ஒரு மாடு. அன்றோடு வண்டிச் சாவியைத் தொடும் ஆசையே போய்விட்டது. காலையில் லோகா கம்பெனி காரில் ஏறிப் போனால் மாலை வரை வீட்டில் நான் மட்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "சாருக்கு இன்னா வேலை?" இரண்டாவது, "சொந்த ஊரு?" தைப்பிங் என்பேன். "அது சரி சார், சொந்த ஊரு?" என்பார்கள். என் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினாராம். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத நிலையில் நான் ஒரு செடி வாங்கினேன்.

பெரியுக் கெரா. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கக்கூடிய இந்த ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இலையின் நுனியிலிருந்து ஒரு நரம்பு கொடிபோல் கீழே இறங்கும். அதன் முனையில் மூடி போட்ட சின்னக் குடுவை தொங்கும். குடுவைக்குள் தண்ணீர். விளிம்பில் சுரக்கும் தேனுக்கு ஆசைப்பட்டு வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுந்து, மூழ்கி, கரைந்து, செடிக்குச் சாப்பாடாகும். மலாய்க்காரர்கள் வைத்த பெயருக்குக் குரங்குப் பானை என்று பொருள். நான் சின்ன வயதில் படித்த பள்ளியின் திடலுக்குப் பின்னால் அது களையாக மண்டிக் கிடக்கும். பந்து அதற்குள் போனால் எடுக்கப் போகிறவன் கால் முழுக்க எறும்புக்கடியோடு வருவான். அங்கே இருந்தவரை நான் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே கேரளத்து நர்சரி ஒன்றின் இணையப் பக்கத்தில், அரிய வகை என்ற தலைப்புக்குக் கீழே அதன் படத்தைப் பார்த்ததும், திருவிழாக் கூட்டத்தில் நம் ஊர்க்காரனைக் கண்டதுபோல் ஆகிவிட்டது. நாளிதழில் சுற்றி அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. வந்த வழியிலேயே குடுவைகளெல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டன.

புது இலைகள் வந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் நரம்பு நீண்டு, முனை அரிசி அளவுக்குப் பருத்து, பிறகு அப்படியே கருகிப்போகும். குடுவை மட்டும் பிறக்கவில்லை. தேடிப் படித்ததில், காற்றில் ஈரம் வேண்டும், உப்பில்லாத தண்ணீர் வேண்டும், உரமே கூடாது என்று தெரிந்தது. படப்பையின் போர் தண்ணீரோ வாளியிலேயே வெள்ளைப் படலம் கட்டுவது. மழைத் தண்ணீர்தான் சரி என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். தைப்பிங்கில் மழை பிற்பகலானால் வேலைக்கு வருவதுபோல் வந்துவிடும். இங்கே அப்போது சித்திரை மாதம். சாலையெல்லாம் கானல் நீர் ஓடிய வெயில். கடைசியில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதை ஊற்றலாம் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்கள் வீட்டு ஏசி அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன்.

கீழ்வீட்டில் தனம் அக்கா. அவருடைய கணவர் கன்னியப்பன் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் லைனில் இருக்கிறார். அக்கா விடியலிலேயே எழுந்து இட்லி ஊற்றி, தெருமுனையில் இருக்கும் தொழிலாளர் ஹாஸ்டலுக்குக் காலை உணவு கொடுக்கிறார். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அவர் வாசலில் வாங்கிச் சாப்பிடுவார்கள்.

"அக்கா, உங்க ஏசி தண்ணி வீணாதானே போகுது? எனக்குக் குடுங்களேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு சார்?"

"பெரியுக் கெராவுக்கு."

"பெரியவருக்கா?"

நான் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது. "ஆமா" என்றேன்.

"மேல கீறாரா? நீங்க சொல்லவே இல்லியே. ஏசி தண்ணியா குடிக்கிறாரு?"

செடிக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசுகிறார்களே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். "அதுக்கு வேற தண்ணி ஆகாது அக்கா. பைப் தண்ணி ஊத்தினா செத்துடும்."

அக்காவின் முகம் மாறியது. "சாப்பாடு?"

"வந்ததிலேர்ந்து ஒண்ணும் இல்ல. வாயே திறக்க மாட்டேங்குது. திறந்தாத்தானே பூச்சி ஏதாவது புடிச்சுப் போடலாம்."

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு அடி நகர்ந்தார். பிறகு வாளியை வாங்கி ஏசி குழாயின் கீழே வைத்தார். இவ்வளவு இரக்கமான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. அக்கா ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு நின்றார். அவருக்கு முன்னால் கன்னியப்பன், ஷிப்ட் முடிந்து வந்த சீருடையும் ஷூவுமாக. பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள். கன்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க. வெளிநாட்ல எப்டியோ, இங்க வயசானவங்கள இப்டி வெச்சிக்கக் கூடாது. எங்க அவரு?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செடியைப் பார்க்க இவ்வளவு பேரா என்று பெருமையோடு உள்ளறைக்கு அழைத்துப் போனேன். எல்லாரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். கன்னியப்பன் கதவுக்குப் பின்னாலும் பார்த்தார். ஜன்னலோரம் முக்காலியில் தொட்டி இருந்தது.

"இதான்" என்றேன்.

"இது செடி சார்."

"ஆமா. பெரியுக் கெரா."

கன்னியப்பன் குனிந்து முக்காலிக்கு அடியிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு தனம் அக்கா தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நின்றபாடில்லை. நடுநடுவே, "பூச்சி புடிச்சிப் போடுவேன்னாரு... பூச்சி..." என்று கன்னியப்பனின் தோளில் அடித்தார். வேலை முடிந்து வந்த லோகா, தன் படுக்கையறையில் பாதித் தெருவே நின்று சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கைப்பையைக்கூட வைக்காமல் அப்படியே நின்றாள். அந்தக் கஞ்சியை நான்தான் குடித்தேன். அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் அந்தச் செடிக்குப் பெயர் பெரியவர்.

ஏசித் தண்ணீர் தினமும் வந்தது. அப்போதும் குடுவை வரவில்லை. காற்றில் ஈரம் போதவில்லை என்றேன். "ஆவிதான வேணும்? எங்க கிச்சன்ல காலையில நின்னு பாருங்க, உங்களுக்கே குடுவை மொளைக்கும்" என்றார் அக்கா. மறுநாளே பெரியவர் கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் குடிபோனார். அது கிழக்கு பார்த்த ஜன்னல். ஒரு பக்கம் இளவெயில், மறுபக்கம் இரண்டு பெரிய இட்லி குண்டானிலிருந்தும் விடாமல் ஆவி. கண்ணாடி வியர்த்து வழியும். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கை மூடிக்கொண்டால் தைப்பிங் என்றே சொல்லிவிடலாம். திறந்தால் தேங்காய்ச் சட்னி.

கருகாத முதல் முனை சில வாரங்களில் வந்தது. சுண்டுவிரல் அளவுக்கு நீண்டு, வயிறு பருத்து, செம்புள்ளி விழுந்து, ஒரு காலையில் மூடி திறந்துகொண்டது. அக்கா கரண்டியும் கையுமாக மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "சார், பெரியவரு வாயத் தொறந்துட்டாரு!" என்று கத்தினார். அடுத்து இன்னொன்றும் திறந்தது. நான் தினமும் போய் இரண்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். தெளிந்த தண்ணீர் மட்டும் இருக்கும். நம் ஊரில் இந்நேரம் கழுத்து வரை எறும்பு நிறைந்திருக்கும். எனக்கு வருத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு வாழைப்பழத் தோல் வைத்தால் இரண்டு ஈயாவது வருமே என்று யோசனை சொன்னேன்.

"என் கிச்சனுக்கு நானே ஈய கூப்புடணுமா? நல்லா கீது சார் உங்க கதை" என்றார் அக்கா. அவருக்கு ஈ என்றால் ஜென்மப் பகை. காலையில் வேலை தொடங்கும் முன் மேடையை இரண்டு தடவை கழுவுவார். ஜன்னலுக்கு வலை அடித்திருந்தார். பெரியவர் பட்டினியாகவே அழகாக வளர்ந்தார்.

இதற்கிடையில் லோகாவின் கம்பெனி, இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று அவளிடம் கேட்டிருந்தது. முடியாது என்று சொல்லிவிடு என்றேன். அவள் மேலிடத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்போதுதான் வாசலில் இட்லி வாங்க வந்த ஒருவர் ஜன்னல் வழியாகப் பெரியவரைப் பார்த்து, படம் எடுத்து, ஹாஸ்டல் குரூப்பில் போட்டார். இட்லி அக்கா வீட்டில் பூச்சி தின்னும் செடி என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அவர் ஆச்சரியப்பட்டுத்தான் போட்டார். ஆனால் குரூப்பில் வேறொருவர், செடி வைத்து ஈ பிடிக்க வேண்டிய அளவுக்கு அங்கே ஈ இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஒருவருக்குப் போன வாரம் வயிறு சரியில்லாதது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் சட்னியில் எதையோ பார்த்ததாகச் சொன்னார். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கர் என்பவர் மாலையில் அக்காவுக்கு போன் செய்து, நாளையிலிருந்து இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நான் கீழே போனபோது குண்டான்கள் அடுப்பில் ஏறவில்லை. அண்டா நிறைய மாவு பொங்கி நின்றது. வாசலில் எப்போதும் நிற்கும் ஆட்கள் எதிர்ப்பக்கம் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பெரியவர மேல இட்டுனு பூடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே நட்பு அந்தச் சமையலறைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். லோகா கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "பிரச்சினையக் கொண்டு வந்தது நீங்க. இங்க கொண்டாந்து வெச்சா சரியாயிடுமா?" என்றாள். எங்கள் தொழிற்சாலையில் பழுதான பாகத்தை ஒளித்து வைக்க மாட்டோம், எல்லார் முன்னாலும் மேசையில் வைத்துப் பார்ப்போம் என்றும் சொன்னாள். அவள் காரில் ஏறியதும் நான் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன்.

பாஸ்கர் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் இந்தச் செடிக்கு ஆளு. தனம் அக்கா கிச்சன்ல ஈ இருந்தா இதோட வயித்துலதான் இருக்கணும். எல்லாரும் பார்க்க, அக்கா வாசல்லயே இத கவுத்துக் காட்றேன். நீங்க வந்து பாருங்க."

"கவுத்தா இன்னா வரும்?"

"இது பல வாரமா அங்கதான் இருக்கு. விழுந்த பூச்சியோட ஓடு கரையாது. ஒண்ணு விழுந்திருந்தாலும் தெரிஞ்சிடும்."

அவருக்கு என் பேச்சில் நம்பிக்கை வந்ததோ, வேடிக்கை பார்க்கும் ஆசை வந்ததோ, செருப்பை மாட்டிக்கொண்டார். ஷிப்ட் இல்லாதவர்கள் சிலரும் கூடவே வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். வாசலில் கும்பலைப் பார்த்து அக்கா வெளியே வந்தார். "இன்னா சார் பண்றீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று வேண்டும் என்றேன். கொடுத்தார்.

முதல் குடுவையைச் சாய்த்தேன். தெளிந்த தண்ணீர். கொஞ்சம் கொழகொழப்பு, அவ்வளவுதான். கூட்டம் தட்டின் மேல் குனிந்தது. இரண்டாவது குடுவையைச் சாய்த்தேன். தண்ணீர் வந்தது. கடைசிச் சொட்டோடு கறுப்பாக ஒரு புள்ளி உருண்டு வந்து தட்டின் நடுவில் நின்றது.

"ஈ!" என்றார் ஒருவர்.

"ஈ இல்லடா, எறும்பு" என்றார் இன்னொருவர்.

இத்தனை வாரம் ஒரு பூச்சியாவது விழாதா என்று ஏங்கியவன் நான். அந்த நிமிடம் வேண்டாத தெய்வமில்லை. பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கு முன்னால் அக்காவின் கை வந்தது. புள்ளியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினார். முகர்ந்து பார்த்தார். பாஸ்கரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"கடுகு சார். சட்னிக்குத் தாளிக்கச் சொல்ல தெறிச்சிருக்கு."

பாஸ்கரும் முகர்ந்தார். தீர்ப்புச் சொல்கிறவர்போல் நிமிர்ந்து நின்று, "கடுகுதான்" என்றார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஹாஸ்டல்காரர் ஒருவர், "அண்ணே, இத நம்ம மெஸ்ஸுல வெச்சிப் பாக்கலாமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "வேணாம்டா. ரெண்டே நாள்ல வயிறு வெடிச்சி செத்துரும்" என்றார். பாஸ்கர் அதைக் கேட்காதவர்போல், "அக்கா, இன்னிக்கு இட்லி லேட்டா வந்தாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அக்கா அடுப்பைப் பற்றவைக்க உள்ளே ஓடினார். நான் தட்டில் இருந்த தண்ணீரைப் பெரியவரின் வயிற்றுக்குள் பத்திரமாகத் திருப்பி ஊற்றினேன்.

அதன் பிறகு வாசலுக்கு வருகிறவர்கள் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். "பெரியவரு இன்னிக்கும் பட்டினியா?" என்று கேட்பார்கள். "பட்டினிதான்" என்று அக்கா பெருமையாகச் சொன்ன பிறகே இட்லி வாங்குவார்கள். செடி வளர்ப்பவர்கள் இதைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அக்காவிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு இட்லி கிடையாது. அன்று பெரியவரை மேலே கூட்டி வந்து, குடுவைக்கு ஒன்றாக மீன் தீனி உருண்டை போடுவேன். அது ஓடு, கால் எதுவும் மிஞ்சாமல் கரைந்துவிடும். மாலையில் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும்போது அக்கா குனிந்து பார்த்து, "மேல போயி கவுச்சி சாப்ட்டு வந்துட்டியா?" என்று அதட்டுவார்.

கம்பெனிக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று லோகா மறுபடி கேட்டபோது, "கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். "யார்கிட்ட?" என்றாள். நான் அதற்குள் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தங்கை மகளின் கல்யாணத்துக்காகத் தைப்பிங் வந்திருந்தேன். உங்களில் பலரைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் சினிமாவில் பேசுவதுபோல் இருக்கிறது என்று எல்லாரும் சிரித்தீர்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் தங்கை வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது தனம் அக்கா வீடியோவில் கூப்பிட்டார். நமக்கு வெயில் ஏறிவிட்டது. அங்கே அப்போதுதான் இட்லி வெந்துகொண்டிருந்தது. பெரியவருக்குப் புதிதாக வந்த குடுவையைக் காட்டினார். நானும் ஏதாவது காட்டலாமே என்று, சாலையோரக் கால்வாய்ச் சரிவில் புதராகக் கிடந்த பெரியுக் கெராக்களின் பக்கம் கேமராவைத் திருப்பினேன். எத்தனை என்று எண்ண முடியாத அளவுக்குக் குடுவைகள். அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இவங்களுக்கெல்லாம் யாரு சார் தீனி போட்றது?" என்றார்.

நான் பதில் சொல்லும் முன் புல்வெட்டும் இயந்திரம் உறுமியது. நகராண்மைக் கழக வேலைக்கு வந்த வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் சரிவை மேலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கினான். குடுவைகள் துண்டு துண்டாகப் பறந்தன.

"ஐயையோ! யாரு அவன்? பெரியவருங்கள வெட்றான்! நிறுத்தச் சொல்லுங்க சார்!"

போனிலிருந்து வந்த அலறலில் அவன் இயந்திரத்தை அணைத்துவிட்டான். முகமூடியை இறக்கிவிட்டு என்னருகே வந்தான். இந்தப் புதரை மட்டும் விட்டுவிடேன் என்று மலாயில் கேட்டேன். வீட்டுக்காரர் சொன்னால் விடலாம் என்று நினைத்தானோ என்னவோ, "ரூமா அபாங் டி மானா?" என்றான். அண்ணனுக்கு வீடு எங்கே என்று கேட்கிறான். அதே நேரம் போனுக்குள்ளிருந்து அக்கா, "அது கெடக்கட்டும், நீங்க எப்ப சார் வூட்டுக்கு வர்றீங்க?" என்றார்.

தங்கை வீட்டைக் காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். போன் அந்தக் கையில்தான் இருந்தது. அவன் கை காட்டிய திசையைப் பார்க்கவில்லை. போனுக்குள் குனிந்து பார்த்தான். உள்ளே ஆவி படர்ந்த ஜன்னல், அதன் முன்னால் ஒரு தொட்டி, கரண்டியோடு ஒரு பெண். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஜாவ்" என்றான். தூரம்தான் என்று அர்த்தம். புரிந்தவன்போல் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் புதரைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய் இயந்திரத்தை மறுபடி இயக்கினான்.